பணத்துக்குப் புகலிடம், மனிதருக்குக் குலுக்கல்

ஒரு சொல்லிலிருந்து தொடங்குவோம். வரிக்கு அஞ்சி ஓடும் பணம் சென்று தங்கும் நாடுகளை ஆங்கிலேயர் துறைமுகம் என்னும் பொருள்பட அழைக்கிறார்கள். புயலுக்கு ஒதுங்கும் கப்பலின் படிமம் அதில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் அதையே சொர்க்கம் என்கிறார்கள். ஜெர்மானியருக்கு அது பாலைவனச் சோலை. மூன்று மொழிகளுமே பணம் வைத்திருப்பவனின் பக்கம் நின்று பெயர் சூட்டியிருப்பது ஒருபுறம் இருக்கட்டும். தமிழில் நாம் 'வரிப் புகலிடம்' என்று எழுதிப் பழகிவிட்டோம். சிற்றிதழ் வாசகர்களுக்கு அந்தச் சொல் வேறொரு கனம் உடையது. 1983க்குப் பின் ஈழத்திலிருந்து சிதறிப்போனவர்கள் ஐரோப்பிய நகரங்களின் பனிக்குள் அமர்ந்து எழுதியவற்றைப் 'புகலிட இலக்கியம்' என்றே நாம் குறித்து வருகிறோம். உயிருக்கு அஞ்சி ஓடிவந்த மனிதனுக்கும் வரிக்கு அஞ்சி ஓடிவந்த பணத்துக்கும் ஒரே சொல்! இந்தச் சொல்லுக்குள் இரண்டில் யாருக்கு இடம் கிடைக்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

கேள்வியை அந்தரத்தில் வைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆகவே ஒரு நாட்டை எடுத்துக்கொள்வோம். சுவிட்சர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் இடையில், ரைன் நதியின் கிழக்குக் கரையில், 160 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கிறது லிக்டன்ஸ்டைன். பதினோரு ஊராட்சிகள். ஏறத்தாழ 40,000 மக்கள். தலைநகர் வாடூஸ், அதற்குமேல் குன்றில் இளவரசரின் கோட்டை. கடலை அடைய இரண்டு நாடுகளைக் கடக்க வேண்டும் என்னும் நிலையில் உலகில் இரண்டே நாடுகள்தான் உண்டு: ஒன்று உஸ்பெகிஸ்தான், மற்றது இது. ஆளொன்றுக்கான வருமானக் கணக்கில் உலகின் முதல் வரிசையில் நிற்கும் நாடு. படையை 1868லேயே கலைத்துவிட்டது. குற்றங்கள் அரிது. ஆகஸ்ட் 15ஆம் நாள், தேசிய தினத்தன்று, கோட்டைப் புல்வெளிக்கு இளவரசரே குடிமக்களை வரவேற்கிறார். இப்படியொரு நாட்டில் வாழக் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்?

அதைத்தான் நாம் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும் என்கிறோம். ஏனெனில் அந்த நாட்டில் வேலை செய்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அங்கே வாழவில்லை. நாட்டின் மொத்த வேலைகளின் எண்ணிக்கை மக்கள்தொகையை விஞ்சிவிட்டது. கைக்குழந்தையும் கிழவரும் சேர்ந்து உழைத்தாலும் அவ்வேலைகளை நிரப்ப முடியாது. எனவே ஒவ்வொரு காலையும் சுவிட்சர்லாந்திலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் ஆட்கள் எல்லை கடந்து வருகிறார்கள். மாலையில் திரும்பிவிடுகிறார்கள். திரும்பியாக வேண்டும். அங்கே வேலை செய்ய அனுமதி பெறுவது ஒன்று, குடியிருக்க அனுமதி பெறுவது வேறொன்று.

லிக்டன்ஸ்டைன் 1995ல் ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்தில் சேர்ந்தது. ஆட்கள் தடையின்றி வந்து குடியேறும் உரிமை அவ்வட்டாரத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்று. ஆனால் இந்நாட்டின் அளவைக் கருதி அதற்கு மட்டும் தனிச் சலுகை தரப்பட்டது. அதன்படி அவ்வட்டார நாட்டவருள் ஆண்டுக்கு வேலை பார்ப்போர் 56 பேருக்கும் வேலை பாராதோர் 16 பேருக்கும் குடியிருப்பு அனுமதி அளித்தால் கடமை முடிந்தது. இதில் ஒரு பாதியை அரசு தன் விருப்பப்படி வழங்குகிறது. மறுபாதி குலுக்கல். ஆம், சீட்டுக் குலுக்கல்தான். ஒரு மனிதன் தன் வாழ்நாளை எங்கே கழிப்பான் என்பது அங்கே அதிர்ஷ்டத்தின் வசம் விடப்பட்டிருக்கிறது.

குடியிருப்பு கிடைத்தவர் குடிமகனாக விரும்பினால் வழி இன்னும் நீண்டது. பத்தாண்டுகள் வாழ்ந்தவர் தம் ஊராட்சியின் குடிமக்களிடம் விண்ணப்பிக்கலாம். அவர்கள் வாக்களித்து ஏற்பார்கள் அல்லது மறுப்பார்கள். அண்டை வீட்டாரின் வாக்குச்சீட்டில் தன் பெயர் நிற்பதைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். முப்பதாண்டுகள் வாழ்ந்தவருக்கு அந்த வாக்கெடுப்பு தேவையில்லை. எந்த வழியில் சென்றாலும் பிறந்த நாட்டின் குடியுரிமையைத் துறந்தாக வேண்டும். இந்த நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று 2020 ஆகஸ்டில் மக்களிடம் கேட்டபோது, வேண்டாம் என்றே பெரும்பான்மையோர் வாக்களித்தனர். அதே நாளில் இன்னொரு கேள்வியும் மக்கள் முன் இருந்தது: அண்டை நாடுகளிலிருந்து வரும் வேலையாட்களுக்குப் பயன்படும் இரயில் பாதை விரிவாக்கத்துக்குப் பணம் ஒதுக்கலாமா? அதற்கும் வேண்டாம் என்பதே விடை. குடியிருக்கவும் இடமில்லை, வந்துபோகவும் பாதையில்லை. ஆனால் வேலைக்கு மட்டும் தவறாமல் வந்துவிட வேண்டும்.

இதே நாட்டில் ஒரு நிறுவனத்துக்கோ அறக்கட்டளைக்கோ முகவரி கிடைப்பது எப்படி இருந்தது? 1926ல் இயற்றப்பட்ட நிறுவனச் சட்டம் அதற்கு அகலக் கதவு திறந்துவைத்தது. பயன் பெறுபவர் யார் என்று வெளியே தெரியாத அறக்கட்டளைகளும், பெயர்ப்பலகையும் அஞ்சல் பெட்டியும் மட்டுமே உடைய நிறுவனங்களும் வாடூஸின் வழக்கறிஞர் அலுவலகங்களில் குடியேறின. ஒரு காலத்தில் அவற்றின் எண்ணிக்கை நாட்டு மக்களின் எண்ணிக்கையையே தாண்டி நின்றது. அவற்றுக்குக் குலுக்கல் இல்லை, அண்டை வீட்டாரின் வாக்கெடுப்பு இல்லை, பத்தாண்டுக் காத்திருப்பும் இல்லை. 'எங்கள் நாடு சிறியது, இடமில்லை' என்னும் வாதம் மனிதர்களுக்கு மட்டுமே சொல்லப்பட்டது. பெயர்ப்பலகைகளுக்கு அந்த 160 சதுர கிலோமீட்டர் ஒரு கண்டம் போல விரிந்துகொடுத்தது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு அம்மக்களைப் பேராசைக்காரர்கள் என்று முடித்துவிடுவது எளிது. நியாயம் அவ்வளவு எளிதல்ல. இந்நாடு பிறந்ததே இன்னொருவர் வசதிக்காக. வியன்னாவில் செல்வாக்கோடு வாழ்ந்த லிக்டன்ஸ்டைன் குடும்பம், புனித ரோமப் பேரரசின் மன்றத்தில் இருக்கை பெறுவதற்காக ஷெல்லன்பெர்க்கை 1699லும் வாடூஸை 1712லும் விலைக்கு வாங்கியது. 1719ல் இரண்டும் இணைக்கப்பட்டு, வாங்கியவரின் பெயரே நாட்டின் பெயராயிற்று. அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஆளும் இளவரசர் எவரும் அந்த மண்ணை மிதிக்கவில்லை. 1938ல்தான் ஓர் இளவரசர் வாடூஸில் நிலையாகக் குடிவந்தார். இடைப்பட்ட காலமெல்லாம் மக்கள் வறுமையில் உழன்றார்கள். பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்கள் பலர். முதல் உலகப்போர் முடிந்தபோது ஆஸ்திரியப் பணத்தின் வீழ்ச்சி சேமிப்புகளை விழுங்கியது. 1923ல் சுவிட்சர்லாந்தோடு சுங்க ஒப்பந்தம் செய்து, அதன் பிராங்கைத் தன் நாணயமாக்கிக்கொண்டு மூச்சுவிட முயன்றபோது, 1927ல் ரைன் கரையை உடைத்துக்கொண்டு ஊர்களுக்குள் புகுந்தது. மறு ஆண்டே நாட்டின் சேமிப்பு வங்கியில் பெரும் மோசடி வெளிப்பட்டது. கனிமம் இல்லை, துறைமுகம் இல்லை, பரந்த விளைநிலம் இல்லை. இறையாண்மை ஒன்றுதான் மிச்சம். அதைத்தான் அவர்கள் விற்கத் துணிந்தார்கள். பட்டினி கிடந்தவன் வீட்டில் கடைசியாக இருந்த பண்டத்தைச் சந்தைக்குக் கொண்டுபோவதை நாம் எப்படிப் பழிக்க முடியும்?

நாம் பழிப்பது அதையல்ல. பசி தீர்ந்த பிறகும் அதே கடை திறந்திருந்ததையே நாம் கேள்விக்கு உட்படுத்துகிறோம். இரண்டாம் உலகப்போருக்குப் பின் அந்நாடு தொழில்நாடாக வளர்ந்தது. 1941ல் ஷான் என்னும் ஊரில் தொடங்கப்பட்ட ஹில்டி நிறுவனத்தின் துளையிடும் கருவிகளை இன்று உலகெங்கும் கட்டுமானத் தளங்களில் காணலாம். அதே ஊரிலிருந்து செயற்கைப் பற்களும் உலகெங்கும் செல்கின்றன. நாட்டு வருமானத்தில் வங்கிகளைவிடத் தொழிற்சாலைகளின் பங்கே பெரிது. அதாவது இரகசியத்தை விற்றுத்தான் பிழைக்க வேண்டும் என்ற நிலை என்றோ கடந்துவிட்டது. ஆனால் 2008 வரை அக்கடையின் கதவை உள்ளிருந்து யாரும் மூடவில்லை.

2008 பிப்ரவரியில் நடந்தது பலருக்கு நினைவிருக்கலாம். இளவரசர் குடும்பத்துக்குச் சொந்தமான எல்ஜிடி வங்கிக் குழுமத்தின் அறக்கட்டளைப் பிரிவிலிருந்து வெளியேறிய தரவுகள் ஜெர்மானிய உளவுத்துறைக்கு விலைபேசி விற்கப்பட்டிருந்தன. ஜெர்மனியின் அஞ்சல் நிறுவனத் தலைவராக இருந்த கிளவுஸ் சும்விங்கலின் வீட்டில் சோதனை நடந்து, அவர் பதவியிழந்து, மறு ஆண்டு வரி ஏய்ப்புக்காகத் தண்டிக்கப்பட்டார். அப்பட்டியலில் இருந்த இந்தியர்களின் பெயர்களை ஜெர்மனி இந்திய அரசுக்கு அளித்தது. அவற்றை வெளியிட அரசு தயங்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2011ல் கடுமையான தீர்ப்பு வந்தது. 2014ல்தான் பெயர்கள் நீதிமன்றத்தில் வைக்கப்பட்டன. வாடூஸின் அஞ்சல் பெட்டி நமக்குத் தொலைவானதன்று என்று சொல்லவே இதைக் குறிப்பிடுகிறோம். அங்கே சேரும் ஒவ்வொரு தொகையும் எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தின் கூரையாகவோ, ஓர் அரசு மருத்துவமனையின் படுக்கையாகவோ ஆகியிருக்க வேண்டியது.

2009ல் வெளியுலகின் நெருக்குதலுக்குப் பணிந்து லிக்டன்ஸ்டைன் தகவல் பரிமாற்ற விதிகளை ஏற்றது. வங்கிக் கணக்கு விவரங்களைத் தானாகவே பிற நாடுகளுக்கு அளிக்கும் ஏற்பாட்டிலும் பின்னர் சேர்ந்தது. பழைய இரகசியம் இன்று இல்லை. நேர்மையாக இதைச் சொல்லியாக வேண்டும். நிறுவனங்களுக்கான வரி 12.5 விழுக்காடு, அது குறைவு, ஆனால் மறைவு அல்ல. வானம் இடிந்துவிடவும் இல்லை. நாடு செழிப்பாகவே இருக்கிறது. இரகசியம் போனால் நாடு போய்விடும் என்று சொல்லிவந்தவர்களின் வாதம் இத்தோடு காலாவதியாகிவிட்டது.

இனி, வாழ்தல் என்பதற்கு வருவோம். அந்நாட்டினுள்ளே வாழக் கிடைத்தவர்களின் நிலை என்ன? வசதி உண்டு, பாதுகாப்பு உண்டு, ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் அணுக்கம் உண்டு. ஆயினும் ஒரு நாட்டின் அன்றாடம் என்று நாம் கருதும் பலவும் எல்லைக்கு வெளியே நடக்கின்றன. நாணயம் சுவிட்சர்லாந்தினுடையது. நாட்டை ஊடறுக்கும் இரயிலை ஓட்டுவது ஆஸ்திரியா. நீண்டகாலச் சிறைத்தண்டனை பெற்றவர்கள் அதைக் கழிப்பதும் ஆஸ்திரியாவில். 2014ல் நாட்டின் மருத்துவமனையில் பிரசவப் பிரிவு மூடப்பட்டது. அதன்பின் பிள்ளை பெறுவதற்கும் தாய்மார் எல்லை தாண்டுகிறார்கள். உலகின் மிகச் செல்வந்த நாடுகளில் ஒன்றில் முதல் அழுகுரல் கேட்பது அரிதாகிவிட்டது என்பது ஒரு சிறுகதைக்குரிய செய்தி. ஆனால் அது செய்திதான்.

எழுத்தை நேசிக்கும் நம்மை இதைவிடவும் உறுத்துவது வேறொன்று. 1878 முதல் வந்துகொண்டிருந்த 'ஃபோல்க்ஸ்பிளாட்' நாளிதழ் 2023 மார்ச்சில் நின்றது. 'ஃபாட்டர்லாண்ட்' என்னும் ஒரே நாளிதழ் எஞ்சியது. இரண்டு இதழ்களும் இரண்டு பெரிய கட்சிகளின் சார்பு உடையவை என்பது உண்மையே. இருந்தாலும் இரண்டு குரல்கள் இருக்கும் வரை வாசகன் இடையில் நின்று யோசிக்க ஒரு கையகல இடம் இருந்தது. அடுத்து வானொலி. அரசு வானொலிக்கு நிதியளிப்பதை நிறுத்துவதற்கு 2024 அக்டோபரில் மக்கள் வாக்களித்தார்கள். 2025 ஏப்ரலில் அது மௌனமானது. பேச்சுமொழியாக அலமானிய வட்டார வழக்கும், ட்ரீசன்பெர்க் மலையூரில் இடைக்காலத்தில் குடியேறிய வால்சர் மக்களின் தனி வழக்கும் இன்றும் உயிரோடிருக்கும் நாடு அது. ஒரு சிறு மொழிச்சமூகத்துக்கு வானொலி என்பது பொழுதுபோக்கு அல்ல, தன் குரலைத் தானே கேட்டுக்கொள்ளும் காது. பணம் இல்லாமல் அதை இழந்த சமூகங்களை நாம் அறிவோம். பணம் இருந்தும் வேண்டாமென்று வாக்களித்து இழந்த சமூகத்தை இப்போதுதான் பார்க்கிறோம்.

இதை அம்மக்களின் தாழ்வாகச் சொல்லவில்லை. வசதி ஒரு சமூகத்தை என்ன செய்யும் என்பதற்கான சான்றாகவே சொல்கிறோம். பெண்களுக்கு வாக்குரிமை தரலாமா என்று ஆண்களிடம் 1971லும் 1973லும் கேட்டபோது, கூடாது என்றார்கள். 1984ல் மூன்றாம் முறை கேட்டபோது மிகக் குறுகிய வேறுபாட்டில் இசைந்தார்கள். 2003ல் இளவரசர் ஹான்ஸ் ஆடம் தம் அதிகாரத்தை வலுப்படுத்தும் அரசியல் சட்டத்தை முன்வைத்து, ஏற்காவிட்டால் வியன்னாவுக்குப் போய்விடுவதாகச் சொன்னார், மக்கள் ஏற்றார்கள். மக்கள் வாக்களித்து இயற்றும் சட்டத்தையும் தடுக்கும் இளவரசரின் உரிமையைக் கட்டுப்படுத்தலாமா என்று 2012ல் கேட்கப்பட்டபோது நான்கில் மூன்று பங்கினர் வேண்டாமென்றனர். அச்சத்தால் அப்படி வாக்களித்ததாக நாம் கருதவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் அச்சாணியை ஏன் தொட வேண்டும் என்னும் மனநிலைதான் அது. செல்வம் வாயை மூடுவதில்லை. கேள்வி கேட்கும் தேவையை மெல்ல மெல்லக் கரைத்துவிடுகிறது. இந்தக் கரைதல் எந்த ஊரிலும் நிகழக்கூடியது.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம் முதுமொழி. சிறுநாடுகளின் தரப்பு அதில் முழுவதுமாக அடங்கியிருக்கிறது, நாமும் அதை மதிக்கிறோம். கதவைத் திறந்துவிட்டால் அந்தச் சிறு பள்ளத்தாக்கு ஒரே தலைமுறையில் அடையாளம் தெரியாமல் போய்விடும் என்னும் அவர்களின் கவலை பொய்யல்ல. மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வெளிநாட்டவர் என்பதையும் மறக்கக்கூடாது. அந்த வகையில் நம்மில் பல நாடுகளைவிட அது திறந்தே இருக்கிறது. ஆனால் தனி வளை கேட்கும் எலி, அந்த வளையை ஊரார் களவுப்பொருள் வைக்கும் கிடங்காக வாடகைக்கு விட்டுவிட்டு, உழைக்க வருபவனிடம் மட்டும் இடமில்லை என்று சொல்லக்கூடாது. சிறுமை ஒரு நியாயம் என்றால் அது இரண்டு பேருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இந்த அளவுகோலை நாம் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. அது அந்நாட்டின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1945 மே மாதத் தொடக்கத்தில், ஓர் இரவில், போரில் தோற்ற ஜெர்மானியப் படையின் பக்கம் நின்ற ஏறத்தாழ 500 ரஷ்யர்கள் பெண்கள் குழந்தைகளோடு ஷெல்லன்பெர்க் அருகே எல்லை கடந்து வந்தார்கள். அவர்களின் கடந்தகாலம் தூய்மையானதன்று. சோவியத் ஒன்றியம் அவர்களைக் கேட்டது. வல்லரசுகளே அத்தகையோரை ஆயிரக்கணக்கில் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த வேளை அது. ஏறத்தாழ 12,000 பேர் மட்டுமே வாழ்ந்த, படையில்லாத, அன்று செல்வமும் இல்லாத அந்நாடு, விரும்பாதவரை அனுப்பமாட்டோம் என்றது. சிலர் தாமாகத் திரும்பினார்கள். மற்றவர்களுக்குச் சோறிட்டு, பின்னர் அர்ஜென்டினாவுக்குக் கப்பலேற வழிசெய்தது. அந்நாட்டின் போர்க்காலப் பக்கங்கள் எல்லாம் இப்படிப்பட்டவையல்ல: இளவரசர் குடும்பத்தின் ஆஸ்திரியப் பண்ணைகளில், ஸ்ட்ராஸ்ஹோஃப் முகாமிலிருந்து கொண்டுவரப்பட்ட யூதர்கள் கட்டாய உழைப்பில் ஈடுபடுத்தப்பட்டதை, அரசே அமைத்த வரலாற்றாய்வாளர் குழு 2005ல் பதிவு செய்தது. இரண்டையும் சேர்த்தே நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆனாலும் அந்த 1945 ஒரு சான்று. ஏழையாக இருந்தபோது, இடமும் உணவும் உண்மையிலேயே போதாதிருந்தபோது, முன்பின் தெரியாத ஐந்நூறு பேரைத் தாங்க முடிந்தது. இன்று தன் நோயாளியைப் பேணும் செவிலிக்கும், தன் தொழிற்சாலையில் நிற்கும் தொழிலாளிக்கும் ஆண்டுக்குச் சில பத்துச் சீட்டுகளுக்கு மேல் இடமில்லை என்று அதே நாடு சொல்லும்போது, குறைந்துபோனது நிலப்பரப்பு அல்ல என்பதே எங்கள் கருத்து. அன்றும் அது 160 சதுர கிலோமீட்டர்தான்.